கடிதமும் கைரேகையும்



தென்காசிக்கு வடமேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்திருப்பது எங்கள் வடகரை. குற்றாலத்தில் சாரல் விழுகின்ற ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊரிலும் கதிரவன் முகம் காட்டுவது அரிது. நான் பள்ளிச் சிறுவனாக இருந்த 1970ஆம் ஆண்டுகளில் எனக்கு அவ்வூரில் ஒரு சிறு மதிப்பு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்குக் கடிதம் படித்துக் கொடுக்கும் பையன் நான். துபாய்க்கும் சவூதிக்கும் பிழைக்கச் சென்றவர்கள் ஊருக்கு எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடிட்ட அந்த உறையைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததும், தெருவில் விளையாடிக் கொண்டிருக்கும் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

எங்கள் தெருவில் பெரியம்மா ஒருவர் இருந்தார். உறவு முறையில் அல்ல, வயது முறையில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. அவர் மகன் வெளிநாட்டிலிருந்து எழுதிய முதற் கடிதத்தைப் பிரித்து, திண்ணையில் இருந்தபடியே உரத்த குரலில் படிக்கத் தொடங்கினேன். வகுப்பில் வாய்விட்டுப் படித்துப் பாராட்டுப் பெற்ற பழக்கம். பெரியம்மா என் வாயைப் பொத்தினார். "இங்கன வச்சுப் படிக்காத ஐயா, உள்ள வா" என்றார். உள்ளே அழைத்துச் சென்று கதவைச் சாத்திவிட்டு, அடுக்களை ஓரத்தில் என்னை உட்கார வைத்து, மெல்லப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், "கேட்டத இந்த வாசப்படியோட விட்டுட்டுப் போயிரணும்" என்று சொல்லி ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தார். அக்கடிதத்தில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. என்ன இருந்தது என்பதை இப்போதும் நான் சொல்லப் போவதில்லை. அது வேறு செய்தி.

இதை ஏன் முதலில் கூறுகிறேன் என்றால், ஒரு மனிதனின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் மேல்நாட்டிலிருந்து நமக்கு இறக்குமதியான சரக்கு என்றும், வயிறு நிறைந்தவர்களின் கவலை என்றும் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். உச்ச நீதிமன்றத்திலேயே அரசுத் தரப்பில் இவ்வகை வாதம் வைக்கப்பட்டது. அதனைப் பின்னர்ச் சொல்வேன். எங்கள் பெரியம்மா வயிறு நிறைந்தவர் அல்லர். ஒரு மேல்நாட்டு நூலின் அட்டையைக்கூட அவர் பார்த்ததில்லை.

'அந்தரங்கம்' என்ற சொல் நம்மிடையே நெடுங்காலமாக வழங்குவது. இப்போது சட்ட நூல்களில் 'தனியுரிமை' என்று எழுதுகிறார்கள். முதற்சொல் மறைக்கப்படும் பொருளைக் குறிக்கிறது. இரண்டாவது சொல் அதை மறைப்பதற்குள்ள உரிமையைக் குறிக்கிறது. முதற்சொல்லிலிருந்து இரண்டாவது சொல்லுக்கு நம் நாடு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த வழியில் தமிழ்நாட்டு மனிதர்களும் தமிழ்நாட்டு வழக்குகளும் பெற்றுள்ள இடம் சிறிதன்று.

முதலில் கைரேகையைப் பற்றிக் கூற வேண்டும். 1871ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்றை இயற்றியது. தொடக்கத்தில் வட இந்தியப் பகுதிகளுக்கு மட்டும் இருந்த அச்சட்டம், 1911ஆம் ஆண்டில் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்தவனை மட்டும் அன்றி, குறிப்பிட்ட குலத்தில் பிறந்தவனையே குற்றவாளியாகக் கருதிய சட்டம் அது. பதிவு செய்யப்பட்ட ஆண்கள் தங்கள் விரல் ரேகைகளைக் கொடுக்க வேண்டும். ஊரை விட்டுப் போவதானால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பல ஊர்களில் இரவு நேரத்தில் காவல் நிலையத்தில் வந்து ஆஜராக வேண்டும். தென் மாவட்ட மக்கள் அதன் சட்டப் பெயரைச் சொல்வதில்லை. 'கைரேகைச் சட்டம்' என்றே சொல்வார்கள். அவர்களுடைய மானத்தைச் சுட்டது அந்த மை.

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிக்கு அருகில் உள்ளது பெருங்காமநல்லூர். கைரேகை பதிய மாட்டோம் என்று அவ்வூர் மக்கள் மறுத்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அங்கே காவற்படை துப்பாக்கியால் சுட்டது. பதினாறு பேர் மாண்டனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களுள் ஒருவர். பள்ளியில் நான் சரித்திரம் கற்பித்த ஆண்டுகளில் ஜாலியன் வாலாபாக் பாடநூலில் இருந்தது. அதற்கு ஓராண்டுக்குள் நம் பக்கத்தில் நடந்த இந்நிகழ்ச்சியை நானாகச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தன் உடம்பின் அடையாளத்தைத் தன் சம்மதமின்றி அரசாங்கம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி, பிற்காலத்தில் தலைநகரின் நீதிமன்றத்தில் மாதக் கணக்கில் வாதிக்கப்பட்டது. அக்கேள்வியை முதலில் எழுப்பியவர்களுள் உசிலம்பட்டிச் சீமையின் உழவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி முதலியோர் இச்சட்டத்தை எதிர்த்துப் பாடுபட்டனர். 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது. 1952இல் நாடு முழுவதும் நீங்கியது.

எங்கள் பக்கத்துக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 1911 ஜூனில் மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆட்சித் தலைவர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், வடகரைக்குத் தெற்கே உள்ள செங்கோட்டையைச் சேர்ந்தவர். அதன் பின்னர் இப்பகுதி முழுவதும் காவல் துறையின் கண் விழுந்தது, வீடுகள் சோதனையிடப்பட்டன. ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1918 டிசம்பரில், கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதியார் தம் மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்துக்கு வந்தார். விடுதலை, நிபந்தனையோடு கூடியது. திருநெல்வேலி மாவட்டத்தில் குறிப்பிட்ட இடங்களை விட்டு அகலக் கூடாது. எழுதுவதை முதலில் காவல் துறைக்குக் காட்டி, அதன் பின்பே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 1920 வரையில் இந்நிலை நீடித்தது. பாரதியின் கையெழுத்துப் பிரதியைப் பெயர் தெரியாத ஓர் அதிகாரி முதலில் படித்து, 'சரி, போகலாம்' என்று குறித்திருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். நான் கடையம் வழியாகப் போகும்போதெல்லாம் எண்ணுவதுண்டு.

அரசாங்கத்தின் கை கடிதத்துக்குள் நுழைவதற்குச் சட்டமும் இருந்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு தந்திச் செய்திகளை இடைமறித்துப் பார்க்க அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் தபால்களுக்கு அவ்வாறே செய்தது. ஆங்கிலேயர் கப்பலேறிய பின்பும் இவ்விரு சட்டங்களும் இங்கேயே தங்கிவிட்டன. 1986இல் அஞ்சலகச் சட்டத்தில் அந்த அதிகாரத்தை இன்னும் அகலமாக்கும் மசோதா ஒன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில்சிங் அதில் கையொப்பமிடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. பேசாமல் வைத்துக்கொண்டார். கடைசியில் அம்மசோதா சட்டமாகாமலே மறைந்தது. குடியரசுத் தலைவரின் மௌனத்தால் கோடிக்கணக்கான கடிதங்கள் பிழைத்தன எனலாம்.

இனி நீதிமன்றங்களுக்கு வருவோம். நம் அரசமைப்புச் சட்டத்தில் 'தனியுரிமை' என்ற சொல்லே கிடையாது. 1954இல் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, சோதனையிட்டுக் கைப்பற்றும் அதிகாரத்தைப் பற்றிய ஒரு வழக்கில், அத்தகைய உரிமையை அரசமைப்பில் காண முடியவில்லை என்று கூறிற்று. அதைவிட முக்கியமானது 1962ஆம் ஆண்டின் கரக் சிங் வழக்கு.

கரக் சிங் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சாட்சியம் இல்லை என்று விடப்பட்டவர். எனினும் காவல் துறை அவர் பெயரில் ஒரு பதிவேடு திறந்தது. அதைத் தமிழில் 'சரித்திரப் பதிவேடு' என்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் சரித்திரம் கற்பித்த எனக்கு, என் பாடத்தின் பெயர் காவல் நிலையத்து அலமாரியில் இவ்வாறு பயன்படுவதைக் கேட்கும்போது சற்று வருத்தந்தான். அப்பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் வீட்டைச் சுற்றி மறைந்திருந்து பார்க்கலாம். போகிற வருகிற இடங்களைக் குறிக்கலாம். நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பி, ஆள் இருக்கிறாரா என்று சரிபார்க்கலாம். நீதிமன்றம் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்காத ஒருவர், தம் வீட்டில் ஓர் இரவு தடையின்றி உறங்க விரும்பி உச்ச நீதிமன்றத்தின் படி ஏறினார்.

ஆறு நீதிபதிகள் விசாரித்தனர். நால்வர் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி இராஜகோபால ஐயங்கார். இரவில் வீட்டுக்குள் வருவது கூடாது என்று அவர்கள் அந்த விதியை அடித்தார்கள். ஆயின் தனியுரிமை அடிப்படை உரிமை அன்று, ஆகவே மற்றக் கண்காணிப்பு இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். மற்ற இருவர் உடன்படவில்லை. அவர்களுக்காக எழுதியவர் நீதிபதி சுப்பாராவ். ஒருவனைத் தொடர்ந்து ஒரு கண் பார்த்துக்கொண்டே இருந்தால், அவன் கால்கள் கட்டப்படாவிட்டாலும் அவன் சுதந்திரன் அல்லன் என்பது அவர் கருத்தின் சாரம். தனியுரிமை என்ற சொல் எழுதப்படாவிட்டாலும் அது தனிமனித சுதந்திரத்தின் உள்ளேயே அடங்கியது என்று அவர் வாதித்தார். ஐயங்கார், சுப்பாராவ் இருவருமே முன்னர்ச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளாக வீற்றிருந்தவர்கள். பெரும்பான்மை ஒருவர் பக்கம், பிற்கால வரலாறு மற்றவர் பக்கம் என்று ஆயிற்று.

அடுத்த பெரும்படி தமிழ்நாட்டிலிருந்தே எழுந்தது. பல கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்று, ஆட்டோ சங்கர் என்று அறியப்பட்ட கைதி சிறையில் இருந்தபடியே தன் வரலாற்றை எழுதினான். 'நக்கீரன்' இதழ் அதனை வெளியிட முற்பட்டது. தன்னோடு நெருங்கிய அதிகாரிகள் பலரைப் பற்றி அவன் எழுதியிருப்பதாகப் பேச்சு எழுந்தது. சிறைத் துறையின் தலைவர், அவ்வரலாறு பொய்யானது, வெளியிடக் கூடாது என்று இதழுக்குக் கடிதம் எழுதினார். ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் சென்றார். 1994 அக்டோபர் 7ஆம் நாள் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு வந்தது.

அத்தீர்ப்பு இரு பக்கமும் கூர்மை உடையது. தன்னைத் தனியே விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றது. தன் குடும்பம், திருமணம், மகப்பேறு, கல்வி முதலியவற்றைப் பற்றித் தன் சம்மதமின்றிப் பிறர் வெளியிடுவதை அவன் தடுக்கலாம் என்றது. அதே வேளையில், அரசு அதிகாரி தம் பதவிக் கடமையில் செய்ததைப் பற்றி எழுதினால், 'என் அந்தரங்கம் கெட்டது' என்று சொல்லி அச்சுக்கு முன்பே தடை கேட்க முடியாது என்றும் கூறிற்று. கடையத்தில் பாரதியின் எழுத்தை அச்சேறுமுன் பார்த்த அதே வேலையை 1994இல் சிறைத் துறை செய்ய முயன்று தோற்றது என்று சொன்னால் மிகையாகாது.

அத்தீர்ப்பில் மற்றொரு வாக்கியம் இருந்தது. அப்போது அது யாரையும் உறுத்தவில்லை. ஒரு செய்தி நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டால், அதைப் பற்றி யாரும் எழுதலாம். அங்கே தனியுரிமை நில்லாது. பாலியல் கொடுமைக்கு உள்ளான பெண் முதலியோருக்கு மட்டும் விலக்கு. 1994இல் இது முற்றிலும் நியாயமாகவே தோன்றியது. ஏனெனில், அக்காலத்து நீதிமன்ற ஆவணம் என்பது ஆவண அறையில் சிவப்பு நாடாவால் கட்டிய கட்டு. தென்காசி நீதிமன்றத்துக் கட்டு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் பேருந்து ஏறிப் போய், மனு எழுதி, முத்திரைத் தாள் ஒட்டி, எழுத்தருக்காகக் காத்திருக்க வேண்டும். அவ்வளவு சிரமமும் ஒரு வேலியாக நின்றது. அந்த வேலியைச் சட்டம் நட்டதில்லை. தூரமும் புழுதியும் நட்டவை. ஆகவே அது ஒரு நாள் சாயும் என்று யாரும் எண்ணவில்லை.

தொலைபேசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். 1996 டிசம்பர் 18ஆம் நாள், தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்பது தனியுரிமையில் குறுக்கிடுவதே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, உள்துறைச் செயலர் நிலையில் உள்ளவர்தாம் உத்தரவிடலாம், ஓர் உத்தரவு இரண்டு மாதம் செல்லும், எப்படியும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, மறு ஆய்வுக் குழு வேண்டும் என்று வரம்புகள் விதித்தது. கரக் சிங் தீர்ப்பு வந்ததும் ஒரு டிசம்பர் 18ஆம் நாளில்தான். முப்பத்துநான்கு ஆண்டு இடைவெளி. தேதிகளை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியனுக்கு இத்தகைய ஒற்றுமையில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. வரம்புகள் ஏட்டில் மட்டும் நிற்கவில்லை. 2011இல் சென்னையில் ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கப் பிறந்த உத்தரவை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இரத்துச் செய்தார். பொது நெருக்கடி, பொதுமக்கள் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களுக்காகவே அவ்வதிகாரம் உள்ளது. மறைவில் நடக்கும் சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க அதை நீட்ட முடியாது என்றார். இதற்குள் அந்தப் பழைய தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும், அஞ்சலகச் சட்டத்தின் இடத்தில் அதே ஆண்டில் புதியதொரு சட்டமும் வந்துவிட்டன. இடைமறிக்கும் அதிகாரம் இரண்டிலும் இருக்கிறது. அதுமட்டும் ஓய்வு பெறுவதில்லை.

இணையத்துக்கான சட்டம் 2000ஆம் ஆண்டில் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் முதன்மையாக வாணிகத்துக்காகவும் மின்னணுக் கையொப்பத்துக்காகவும் ஆக்கப்பட்டது. ஆயினும் நான்கே ஆண்டுகளில் அது வேறு துயரத்துக்குப் பயன்பட வேண்டியதாயிற்று. ஒரு பெண்ணின் பெயரில் பொய்க் கணக்குத் தொடங்கி, அவருடைய தொலைபேசி எண்ணையும் சேர்த்து இழிவான செய்திகளை ஒருவன் இணையத்தில் பரப்பினான். அவருக்கு ஓயாமல் அழைப்புகள் வந்தன. 2004ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவனுக்குத் தண்டனை விதித்தது. வழக்குப் பதிவான சில மாதங்களுக்குள் தீர்ப்பு! அச்சட்டத்தின் கீழ் நாட்டில் கிடைத்த முதல் தண்டனை என்று அதைச் சட்ட மாணவர் இன்றும் படிக்கின்றனர்.

எல்லாப் பிரிவுகளும் இப்படி நன்மைக்கே பயன்பட்டன என்று சொல்வதற்கில்லை. 2009இல் நடைமுறைக்கு வந்த 66 ஏ என்ற பிரிவு, பிறருக்கு எரிச்சல் உண்டாக்கும் செய்தி எழுதினாலே சிறை என்றது. 2012இல் மும்பைக்கு அருகே ஒரு கடையடைப்பைக் குறைகூறி எழுதிய பெண்ணும், அதை ஆமோதித்த தோழியும் கைதாயினர். 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முழுவதும் நீக்கியது. எரிச்சல் என்பதற்கு அளவுகோல் ஏது? நான் வகுப்பில் நடந்த நாட்களில் என்னால் எரிச்சல் அடையாத மாணவர் எத்தனை பேர் இருந்திருப்பார்!

அடுத்து வருவது ஆதார். விரல் ரேகை மறுபடியும் வந்தது. கண்ணின் கருவிழி வேறு சேர்ந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012ஆம் ஆண்டில், தம் எண்பத்தாறாம் வயதில், இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். ஓய்வு பெற்றோருக்கு உடற்பயிற்சியும் கோயிலும் போதும் என்று சொல்வோர் இம்முதியவரை நினைக்க வேண்டும். வழக்கின் நடுவே, தனியுரிமை என்பது அடிப்படை உரிமையே அன்று, 1954ஐயும் 1962ஐயும் பாருங்கள் என்று மத்திய அரசு வாதித்தது. ஆகவே அக்கேள்வியை மட்டும் தீர்க்க ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தனர். வறியவருக்கு உணவே பெரிது, அந்தரங்கம் செல்வர் கவலை என்ற வாதமும் அங்கேதான் எழுந்தது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பதின்மரும் ஒருமனமாகத் தீர்ப்பளித்தனர். தனியுரிமை அடிப்படை உரிமை. அது செல்வருக்கு மட்டும் உரியதன்று. சுப்பாராவ் 1962இல் சிறுபான்மையாக நின்று சொன்னதே சரி. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின, அந்தச் சிறுபான்மைக் கருத்து சட்டமாவதற்கு. செய்தியைக் கேட்ட இரவு எனக்கு எங்கள் பெரியம்மா சாத்திய கதவு நினைவுக்கு வந்தது.

ஆதார் ஒழிந்துவிடவில்லை. 2018 செப்டம்பர் 26ஆம் நாள் வந்த தீர்ப்பு அதை நிலைநிறுத்தி, எல்லை வகுத்தது. பள்ளியில் சேர்வதற்கு அதைக் கட்டாயமாக்கலாகாது என்றது. நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் மாணவரின் ஆதார் எண்களையும் வங்கிக் கணக்கு எண்களையும் நீண்ட தாளில் எழுதி, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். வருவோர் போவோர் எல்லாம் பார்க்கலாம். அது தவறு என்ற நினைவே எனக்கு அப்போது எழவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முன்னர்ச் சொன்ன வேலி சாய்ந்த கதைக்கு இப்போது வருகிறேன். நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் ஏறின. இது பெரும் நன்மை. வழக்கறிஞருக்கும் மாணவருக்கும், ஏன், இந்த உரையைத் தயாரித்த எனக்கும் உதவியது. ஆனால் ஒருவர் பெயரைக் கைப்பேசியில் தட்டினால் அவர் மேல் என்றோ இருந்த வழக்கும் உடனே வந்து நிற்கிறது. தமிழ்நாட்டில் ஒருவர் கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, 2014இல் உயர் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். விடுதலையளித்த அந்தத் தீர்ப்பே அவருடைய பெயரைத் தாங்கி இணையத்தில் நின்றது. குற்றமற்றவர் என்று சொல்லும் தாள்தான். எனினும் தேடுவோர் கண்ணில் முதலில் படுவது குற்றச்சாட்டின் பெயர். அதிலிருந்து தம் பெயரை நீக்கித் தருமாறு மதுரைக் கிளையில் அவர் மனுச் செய்தார். மறக்கப்படும் உரிமை என்று இதற்கு அறிஞர்கள் பெயரிட்டிருக்கின்றனர். ஐரோப்பிய நாடுகளில் 2014 முதல் இதற்கு நீதிமன்ற ஒப்புதலும் உண்டு.

2021 ஆகஸ்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மனுவை ஏற்க இயலாது என்றார். விடுதலையானவரின் வேதனையை அவர் உணராதவர் அல்லர். தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்து அளவுகோல் வகுக்கும் வரை நீதிமன்றம் தானாக ஆவணத்தை மாற்றப் புகுந்தால் குழப்பமே விளையும் என்பது அவர் கருத்து. 2024 பிப்ரவரி 27இல் நீதிபதிகள் அனிதா சுமந்த், விஜயகுமார் இருவர் அமர்வு அதை மாற்றி, பெயரை மறைக்கவும் இணையத் தளத்திலிருந்து அத்தீர்ப்பை நீக்கவும் உத்தரவிட்டது. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நிறுத்தி வைத்தது. தீர்ப்பு என்பது பொது ஆவணம், அதை மறைக்கத் தொடங்கினால் நீதி திறந்த வாயிலில் நடப்பது எப்படி என்ற அச்சமும் பொருளற்றதன்று. 1994இன் அந்த ஒரு வாக்கியம் முப்பது ஆண்டு கழித்து இவ்வாறு திரும்பி வந்து நிற்கிறது. சட்ட அறிக்கைகளில் இவ்வழக்கு அந்த மனிதரின் பெயராலேயே வழங்குகிறது. மறக்கச் சொல்லிக் கேட்டவரின் பெயரைச் சட்டக் கல்லூரிகளில் மனப்பாடம் செய்கிறார்கள். நான் அதை இங்கே சொல்லவில்லை.

எதிர்பார்க்கப்பட்ட சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்பது அதன் பெயர். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் கடமைகளில் பெரும்பாலானவை அதற்குப் பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று அவை கூறுகின்றன. சம்மதம் கேட்க வேண்டும், வேலை முடிந்தால் தரவை அழிக்க வேண்டும், தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பன அதன் நல்ல பகுதிகள். அரசாங்கம் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள இடம் வைத்திருப்பது கவலைக்குரியது. இன்னொன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் இது திருத்திவிட்டது. பொது நலன் கருதித் தனிநபர் தகவலைத் தரலாம் என்று அங்கே அப்பிரிவில் இருந்த சொற்கள் நீங்கின. 1997இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் செய்து இந்தியாவில் முதலாவதாக நின்றது தமிழ்நாடு. அதிகாரி தம் பதவிச் செயலை மறைக்கத் தனியுரிமையைத் திரையாக்கக் கூடாது என்று நக்கீரன் வழக்கு சொன்னதை, இத்திருத்தத்தைக் கையாள்வோர் எடுத்துப் படிப்பது நல்லது.

அச்சட்டத்தின் ஒன்பதாம் பிரிவைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பதினெட்டு வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது அப்பிரிவு. சரியான ஏற்பாடுதான். வாணிக நிறுவனங்களிடமிருந்து குழந்தைகளைக் காக்க வேறு வழி எனக்கும் தோன்றவில்லை. ஆயினும் 1993ஆம் ஆண்டு நடந்த ஒன்றை அது எனக்கு நினைவூட்டியது.

அப்போது நான் வேறோர் ஊரில், ஓர் உயர்நிலைப் பள்ளியில் பொறுப்புத் தலைமையாசிரியனாக இருந்தேன். பள்ளி முகவரிக்கு மாணவியர் பெயரில் கடிதம் வந்தால், தலைமையாசிரியர் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பது அங்கே வழக்கம். பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணுக்கு இன்லண்டுக் கடிதம் ஒன்று வந்தது. ஒட்டியிருந்த விளிம்பை என் பேனாக் கத்தியால் அறுத்துப் படித்தேன். எங்கள் பள்ளியில் படித்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போன பையன் எழுதியது. பத்து வரி இருக்கும். பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிறாயா, கணக்கு வாத்தியார் இப்போதும் அடிக்கிறாரா, ஊரில் மழை உண்டா என்று கேட்டிருந்தான். மழையையும் கணக்கையும் விட்டுவிட்டு, எழுதியவன் ஆண்பிள்ளை என்பதை மட்டும் நான் படித்தேன். தந்தையை வரவழைத்துக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அரைப் பரீட்சை விடுமுறைக்குப் பிறகு அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் பதினைந்து நாள் 'வ' போடாமல் விட்டு, பின்பு சிவப்பு மையால் பெயரை அடித்தவனும் நான்தான்.

வழக்கத்தை ஒட்டிச் செய்தேன், தந்தையும் உடன்பட்டார், இன்றைய சட்டத்தை வைத்துப் பார்த்தாலும் பெற்றோரின் சம்மதம் இருந்தது என்று என்னால் வாதிட முடியும். அதனால்தான் அப்பிரிவு என்னை உறுத்துகிறது. கதவைச் சாத்தும் உரிமை பெரியம்மாவுக்கு இருந்தது. அவர் வீட்டுத் தலைவி. அரசாங்கத்துக்கு எதிரே கரக் சிங்குக்கு ஒரு சுப்பாராவ் கிடைத்தார். பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் அவளுடைய தந்தைக்கும் ஆசிரியருக்கும் இடையே அவளுக்கென்று எவ்வளவு இடம் உண்டு என்பதை நான் அறிந்த எந்தத் தீர்ப்பும் இன்னும் அளந்து சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் குற்றாலத்தில், சீசன் கூட்டத்தில், ஐந்தருவிச் சாலையில் ஓர் அம்மையார் என்னை அடையாளம் கண்டு, "சார், நல்லாருக்கீங்களா?" என்று கேட்டார். உடன் கல்லூரியில் படிக்கும் மகள் இருந்தாள். மகளிடம், "எனக்குப் பாடம் நடத்துன சார்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கடிதத்தைப் பற்றி மகளுக்குத் தெரியாது என்பது அவர் பார்வையிலேயே எனக்குப் புலப்பட்டது. மழை வலுத்தது, அவர்கள் பேருந்தை நோக்கி ஓடினார்கள். அவருடைய பெயரும் ஊரும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அவற்றை இங்கே நான் கூறவில்லை.